அம்மன் முகத்தில் உப்புத்தாள் படுவதற்கு முன்னால்: எங்கள் ஊர் கும்பாபிஷேகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் தர்மகர்த்தா பெரியப்பாவுக்கும், நாட்டாண்மைக்கும், கும்பாபிஷேகக் குழுவில் இருக்கும் அண்ணன்மாருக்கும், அப்புறம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் இதே மாதிரி வர்ணம் பூசிய மரச்சிலை வைத்துக் கும்பிடும் ஊர்க் கோயில் குழுக்கள் எல்லாருக்கும், வணக்கம்.

போன வாரம் ஊருக்கு வந்திருந்தபோது வாகனக் கொட்டகையில் நாலு டின் எனாமல் பெயின்டும், ஒரு கட்டு உப்புத்தாளும், பட்டி மாவுப் பாக்கெட்டும் இருந்ததைப் பார்த்தேன். கேட்டதற்கு, தையில் கும்பாபிஷேகம், அதற்குள் அம்மன், தர்மர், பீமன், அர்ஜுனன், காவல் சாமி போத்துராஜா எல்லாருக்கும் பழைய வர்ணத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, பட்டி பார்த்து, புதுசாக அடிக்கப்போகிறோம், பெங்களூரில் வேலை பார்க்கும் நம்ம ஊர்ப் பையன்கள் உபயம் என்று சொன்னார்கள். நல்ல மனசோடுதான் செய்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கொட்டகையில் நின்றபடி எல்லாவற்றையும் சொல்லிமுடிக்க முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், முழுசாகப் படியுங்கள்.

போன கும்பாபிஷேகத்துக்குப் போத்துராஜாவுக்கு மட்டும் சிவப்பு எனாமல் அடித்தது ஞாபகம் இருக்கும். அடித்த அன்றைக்குப் பளபளவென்று இருந்தது, எல்லாரும் செல்போனில் படம் எடுத்தோம், நானும் எடுத்தேன். மூன்றே மழைக்காலம். தோள்பட்டையிலிருந்து தகடு தகடாக உரிய ஆரம்பித்துவிட்டது. நான் மண்ணைச் சோதிக்கும் கல்லூரி ஆய்வகத்தில் வேலை செய்கிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். தோல் பதனிடும் டேனரிப் பக்கத்து நிலங்களில் குரோமியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலையில் பாதி. அந்த வருஷம் அக்னி வசந்தத் திருவிழா முடிந்து, துரியோதனன் உருவம் செய்த படுகளத்து மண்ணை வாரிக்கொண்டிருந்த சமயத்தில், போத்துராஜா பீடத்தடியில் தானாக உதிர்ந்து கிடந்த ஒரு சில்லை, சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும், பூசாரி தாத்தாவிடம் கேட்டு, தீப்பெட்டியில் பஞ்சு வைத்து எடுத்துப்போனேன். சிலையிலிருந்து நான் எதையும் பெயர்த்து எடுக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சில்லில் ஒரு கடுகளவு உடைத்து, பிசினில் பதித்து, பக்கவாட்டை வழவழப்பாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால், வெட்டிய கிணற்றுச் சுவரில் மண் அடுக்குகள் தெரிவது மாதிரி வர்ண அடுக்குகள் தெரியும். மேலே நம்ம எனாமல், தடியாக, ஒரே சிவப்பாக. அதற்குக் கீழே இன்னொரு பழைய எனாமல், கொஞ்சம் ரோஸ். அதற்கும் கீழே மெலிசாக ஒரு கறுப்புக் கோடு. பிறகு ஆரஞ்சு கலந்த சிவப்பு, மறுபடியும் ஒரு கறுப்புக் கோடு, அதன் கீழே நான் அதுவரை பார்த்தே இராத ஒரு ஆழமான சிவப்பு, எல்லாவற்றுக்கும் அடியில், வர்ணத்துக்கு அடித்தளமாக இடும் வெள்ளைச் சுக்கான் பூச்சு. அந்தக் கறுப்புக் கோடு என்ன என்று முதலில் எனக்குப் பிடிபடவில்லை. அப்புறம்தான் புரிந்தது, அது கரி. நல்லெண்ணெய் விளக்கும் கற்பூரமும் வருஷக்கணக்காக ஏற்றியதில் படிந்த கரி. ஒரு தடவை வர்ணம் பூசியதற்கும் அடுத்த தடவை பூசியதற்கும் நடுவில் நம்ம தாத்தாக்களும் பாட்டிகளும் காட்டிய தீபாராதனை முழுவதும் அந்த ஒரு கோட்டுக்குள் இருக்கிறது. அதைப் பார்த்தபோது நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

எங்களிடம் கையில் பிடித்துக் காட்டினால் பொருளில் என்னென்ன உலோகம் இருக்கிறது என்று சொல்லும் ஊடுகதிர்க் கருவி ஒன்று இருக்கிறது, மண்ணுக்காக வாங்கியது. அதைச் சில்லின் அடிப்பக்கத்தில் காட்டியதில் பாதரசம் காட்டியது. சிவப்பு வர்ணத்தில் பாதரசம் என்றால் அது சாதிலிங்கம். மேலே இருக்கும் ஆரஞ்சுச் சிவப்பில் ஈயம், அதாவது செந்தூரம். சாதிலிங்கத்தை அம்மியில் மணிக்கணக்காக அரைத்து, பிசினில் குழைத்து, யாரோ ஒரு ஆசாரி கைப்பட இட்ட வர்ணம் நம்ம போத்துராஜா உடம்பில் இன்னும் இருக்கிறது, மூன்று வர்ண அடுக்குக்குக் கீழே. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போகப்போவது எனாமல் மட்டும் இல்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

சரி, வர்ணம் ஏன் உரிகிறது? இந்தக் கேள்வியை நாம் கேட்டுக்கொள்ளவே இல்லை. உரிந்தது, அடித்தோம், மறுபடி உரிந்தது, மறுபடி அடிக்கப்போகிறோம். காய்ச்சல் ஏன் வந்தது என்று பார்க்காமல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டே இருப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மரம் வெட்டி எத்தனை வருஷம் ஆனாலும் ஈரத்துக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக ஒன்றும் ஆகாது, அகலவாக்கில்தான் இந்த உப்புவதும் சுருங்குவதும். மழைக்காலத்தில் வீட்டுக் கதவு பிடித்துக்கொள்வதும் சித்திரையில் தளர்வதும் இதனால்தான். நம்ம பக்கத்து வெயில் 40 டிகிரியைத் தாண்டிப் போகும், ஐப்பசி கார்த்திகையில் சுவரெல்லாம் ஓதம் ஏறும். மரம் வருஷாவருஷம் இப்படி மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கிறது, ஆனால் அதன் மேல் இருக்கும் சுக்கான் பூச்சு விறைப்பானது, கூடவே நீண்டு சுருங்க அதனால் முடியாது, விரிசல் விடும், விரிசல் வழியாகத் தூக்கிக்கொண்டு வரும். அதன் மேல் எனாமலைப் போட்டால் இன்னும் மோசம். எனாமல் காயக் காயச் சுருங்கும், வலுவான தோல் அது. அது உரியும்போது தனியாக உரியாது, அடியில் இருக்கும் பலவீனமான பழைய பூச்சையும் சேர்த்து இழுத்துக்கொண்டுதான் வரும். என் தீப்பெட்டியில் கிடைத்த சில்லில் சுக்கான் வரைக்கும் எல்லா அடுக்கும் ஒன்றாக ஒட்டி வந்தது அப்படித்தான். போதாததற்கு, எனாமல் ஈரத்தை வெளியே விடாது. பீடத்தடியில் தரையிலிருந்து ஏறும் ஈரம் உள்ளேயே தங்கிப் போகும், அந்த இடத்தைத்தான் கரையான் தேடி வரும், மேலே பெயின்ட் பளபளவென்று இருக்க உள்ளே மரம் உளுத்து மாவாகிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, இதைச் சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. திருவிழா முடிந்ததும் சிலைகளைப் பிளாஸ்டிக் தார்பாயில் சுற்றிக் கயிறு கட்டி வைக்கிறோம். தகர ஷீட்டுக்குக் கீழே, பகலில் அனலாகவும் விடியற்காலையில் குளிர்ந்தும் போகும் கொட்டகையில். காலையில் அந்தத் தார்பாயின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், நீர்முத்துக்கள் கையில் ஒட்டும். அர்ஜுனன் முதுகில் இருக்கும் வெள்ளைப் பூப்பூவான திட்டு வர்ணம் வெளுத்ததால் வந்தது இல்லை, அது பூஞ்சை.

"காஞ்சிபுரத்தில் அத்திவரதர் 40 வருஷம் குளத்துக்குள்ளேயே இருக்கிறாரே, அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று சித்தப்பா ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. 1979-க்குப் பிறகு 2019-இல்தான் அனந்தசரஸ் குளத்திலிருந்து எடுத்து 48 நாள் தரிசனத்துக்கு வைத்தார்கள், நம்ம ஊரிலிருந்தும் இரண்டு வேன் போனது. முழுசாகத் தண்ணீருக்குள் மூழ்கி, காற்றுப் படாமல் இருக்கும் மரம் சீக்கிரத்தில் மக்காது, மரத்தை அரிக்கும் பூஞ்சைக்குக் காற்று வேண்டும். முழு ஈரத்தில் இருந்தாலும் பிழைக்கும், முழு உலர்ச்சியில் இருந்தாலும் பிழைக்கும். மாறி மாறி நனைந்து காய்வதுதான் மரத்துக்குச் சாவு, நம்ம சாமிகளுக்கு நாம் கொடுத்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

அப்புறம் அம்மன் கண். அம்மன் கண் வெள்ளை கறுத்துப்போனதற்கு ஊரில் என்னென்னவோ பேசினார்கள், போன வருஷம் மழை பொய்த்ததையும் அதோடு சேர்த்துப் பேசினார்கள். பழைய காலத்தில் வெள்ளைக்கு ஈய வெள்ளையையும் பயன்படுத்துவார்கள். பூசாரி தாத்தா அனுமதித்து, தொடாமல், ஒரு விரற்கடை தூரத்தில் கருவியைக் காட்டிப் பார்த்தேன், அம்மன் கண்ணிலும் ஈயம்தான். ஈய வெள்ளைக்கு ஒரு எதிரி உண்டு, அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு. அது பட்டால் வெள்ளை ஈயம் கறுப்பு ஈய சல்பைடாக மாறிவிடும். டேனரிகளில் தோலிலிருந்து முடியை எடுக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுவார்கள், அந்தக் கழிவுநீரிலிருந்து இந்த வாயு கிளம்பும். பேரணாம்பட்டுப் பக்கமிருந்து காற்று அடிக்கும் நாளில் நமக்கே மூக்கில் ஏறும். உங்கள் வீட்டுப் பெண்களின் வெள்ளிக் கொலுசு ஆறு மாதத்தில் கறுத்துப்போவதும் இதே வாயுவால் நடப்பதுதான். அம்மனுக்கு யார் மேலும் கோபம் இல்லை பெரியப்பா. நம்ம ஊர்க் காற்று என்ன ஆகியிருக்கிறது என்பது அம்மன் கண்ணில் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். கறுத்த ஈயத்தைப் பக்குவமாக மறுபடி வெள்ளையாக்கும் முறையும் இருக்கிறது, ஹைட்ரஜன் பெராக்சைடை வைத்துச் செய்வார்கள், அதை அந்த வேலையில் பழகிய கைதான் செய்யவேண்டும், நானே தொடமாட்டேன்.

ஈயம் என்று சொல்லும்போது இதையும் சொல்லியாக வேண்டும், இதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட அவசரம். செந்தூரத்தில் ஈயம், ஈய வெள்ளையில் ஈயம், சாதிலிங்கத்தில் பாதரசம், பழைய மஞ்சளுக்கு அரிதாரம் போட்டிருந்தால் அதில் ஆர்சனிக். நம்ம பக்கத்துக் கூத்தாடிகளுக்கு அரிதாரம் என்ற பேர் எங்கிருந்து வந்தது என்று தெரியும், அந்தக் காலத்தில் முகத்தில் பூசியதே அதைத்தான். நடுவில் அடித்த எனாமல்களையும் நம்ப முடியாது, வீட்டுப் பெயின்டில் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி நம்ம நாட்டில் 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. சிலை மேல் உதிராமல் ஒட்டியிருக்கும்வரை இவை யாரையும் பெரிதாக ஒன்றும் செய்யப்போவதில்லை. உப்புத்தாள் போட்டால் தூளாகிக் காற்றில் ஏறும், புளோ லாம்ப் வைத்துச் சுட்டு உரித்தால் புகையாக ஏறும். தேய்க்கும் இடம் எது? கொட்டகை வாசல். அங்கே சாயங்காலம் கோலி விளையாடும் பிள்ளைகள் யார்? நம்ம பிள்ளைகள். குழந்தை உடம்பில் ஈயம் இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது மூளை வளர்ச்சியைப் பிடித்துக்கொள்ளும். பெயின்ட் அடிக்க வரும் தம்பிக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டால் இது நிற்காது.

இனி முகத்துக்கு வருகிறேன். போன முறை வந்தபோது ராத்திரி கரண்ட் போயிருந்தது, பூசாரி தாத்தா டார்ச்சை அம்மன் கன்னத்தை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தார். நேராகப் பார்த்தால் தெரியாதது எல்லாம் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் எழுந்து நின்றது. இப்போது தெரியும் கண்ணுக்கு அடியில், கொஞ்சம் கீழே தள்ளி, இன்னொரு கண் கோடு. இப்போதைய கண் அகலத் திறந்து நேராக முறைக்கிறது, காலண்டர் படம் மாதிரி. அடியில் இருக்கும் கோடு கீழ் இமையில் லேசாக வளைந்து, ஓரத்தில் தழைந்து இறங்குகிறது. அழுது முடித்த ஒரு பெண்ணின் கண். சபையில் அத்தனை பேருக்கு நடுவே நின்றவளுக்கு, கூந்தலை முடியமாட்டேன் என்று சொன்னவளுக்கு, அந்தப் பழைய ஆசாரி எந்தக் கண்ணை வைத்தார் என்பது அந்த ஒரு கோட்டில் இருக்கிறது. ஒவ்வொரு தடவை பட்டி பார்க்கும்போதும் அந்தக் கோடு கொஞ்சம் கொஞ்சமாகப் புதைந்துகொண்டு வந்திருக்கிறது. இந்தத் தடவை தேய்த்தால் போயே போய்விடும், பிறகு யார் நினைத்தாலும் திரும்பாது. பாரதம் படிக்கிறவர் பத்து நாள் தொண்டை கட்ட அவள் கதையைச் சொல்கிறார், அந்தக் கதைக்கு உரிய முகம் அடியில் ஒளிந்துகொண்டிருக்கிறது.

இதைப் பார்ப்பதற்குச் சிலையைக் கீற வேண்டாம், சுரண்ட வேண்டாம். சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த படம் எங்கே பூச்சு தூக்கியிருக்கிறது என்று காட்டும். இருட்டறையில் புறஊதா விளக்கைக் காட்டினால் அரக்குப் பூச்சு ஆரஞ்சாக ஒளிரும், பின்னால் ஒட்டுப்போட்ட இடம் தனியாகத் தெரியும். கை ஒடிந்தால் எடுக்கும் அதே எக்ஸ்ரேயில் உள்ளே கரையான் போன வழியும், எந்தக் காலத்திலோ அடித்த ஆணியும் தெரியும். இதையெல்லாம் செய்யத் தெரிந்தவர்கள் வெளிநாட்டில் இல்லை, சென்னை எழும்பூரில் இருக்கிறார்கள். அங்கே அரசு அருங்காட்சியகத்தில் 1930-லேயே இதற்கென்று வேதியியல் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள், அதில் வேலை செய்த பரமசிவன் என்ற வேதியியலர் தஞ்சைப் பெரிய கோயில் சுவரோவியத்தை எந்தச் சுண்ணாம்பில், எந்த வர்ணத்தில் செய்தார்கள் என்று அந்தக் காலத்திலேயே ஆராய்ந்தவர். அங்கேயும் கதை இதேதான், நாயக்கர் காலத்து ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருந்தது, 1931-இல்தான் அது வெளியுலகத்துக்குத் தெரிந்தது. ரஷ்யாவில் ரூப்ளேவ் என்ற துறவி 15-ஆம் நூற்றாண்டில் மரப்பலகையில் வரைந்த திரித்துவத் திருவுருவம் ஒன்று, ஆளி விதை எண்ணெய்ப் பூச்சும் மெழுகுவத்திக் கரியும் ஏறி ஏறிக் கறுத்து, அதன் மேலேயே திரும்பத் திரும்ப வரைந்து, அசல் எது என்றே மறந்துபோயிருந்தார்கள். 1904-இல் மேல் அடுக்குகளை எடுக்கத் தொடங்கியபோது அடியிலிருந்து தெளிந்த நீலமும் பொன்னும் வந்தன. நம்ம பக்கத்திலேயே ஆம்பூரை அடுத்த மலையாம்பட்டு அர்மாமலைக் குகைக்குப் போய்ப் பாருங்கள். அங்கிருக்கும் பழைய சமண ஓவியத்தில் மிஞ்சியது துண்டு துண்டாகத்தான். அந்தத் துண்டைப் பார்க்க ஆட்கள் மலை ஏறுகிறார்கள். நம்மிடம் முழு உருவமே இருக்கிறது.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "இது மியூசியம் பொம்மை இல்லைம்மா, சாமி. வர்ணம் போன சாமியை எப்படிக் கும்பிடுவது?" நானும் அவளைக் கும்பிட்டு வளர்ந்தவள்தான், எனக்கு மொட்டை போட்டதும் அந்தச் சந்நிதியில்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். பட்டுப்புடவை கட்டி, மாலை போட்டு, அலங்காரம் பண்ணினால் வெளியே தெரிவது முகமும் கையும்தானே, அந்த இரண்டு இடத்தில் உதிர்ந்த இடத்துக்கு மட்டும், வேண்டும்போது எடுத்துவிடக்கூடிய வர்ணத்தில் ஒட்டுப்போடலாம், அதற்கு முறை இருக்கிறது. பாலாலயம் என்று நம்ம பெரியவர்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள், அம்மனைக் கும்பத்துக்கு மாற்றிவிட்டு உருவத்தைச் சீர்செய்ய அவகாசம் எடுத்துக்கொள்ளும் வழி. அந்த நாட்களில் நாலு பேர் வந்து விளக்குப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போவதில் என்ன குற்றம் வந்துவிடும்?

பெங்களூர்ப் பிள்ளைகளிடம் நானே பேசினேன். பெயின்டுக்குக் கொடுத்த பணத்தில் கொட்டகையின் தகரத்தை எடுத்துவிட்டு ஓடு போடுவதற்கு அவர்களுக்குச் சம்மதம், உபயம் என்று கல்லில் பேர் வெட்டினாலும் சரி, வெட்டாவிட்டாலும் சரி என்றார்கள். டின்னையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம், மூடி திறக்காமல் இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். அதுவரைக்கும் செலவில்லாத காரியம் சில இருக்கின்றன. தார்பாயை அவிழ்த்துவிட்டுப் பழைய பருத்தி வேட்டியால் போர்த்துங்கள். சுவரை ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி, செங்கல் மேல் பலகை போட்டு அதன் மேல் நிறுத்துங்கள். கற்பூரத்தைப் பீடத்தில் வைக்காமல் தட்டில் வைத்து எட்டக் காட்டச் சொல்லுங்கள். ஈரத்துணியால் யாரும் துடைக்க வேண்டாம். உதிர்ந்து கிடக்கும் சில்லுகளைப் பெருக்கித் தள்ளாமல், எந்தச் சாமிக்குக் கீழே கிடந்தது என்று எழுதி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், மறுபடி ஒட்டவைக்க அவை வேண்டும்.

வேலூர்க் கோட்டை அருங்காட்சியகத்துக்கும், அறநிலையத் துறைக்கும், எழும்பூருக்கும் அனுப்ப மூன்று மனு எழுதி வைத்திருக்கிறேன், தர்மகர்த்தா பெரியப்பா கையெழுத்து மட்டும்தான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் குடியாத்தம் வந்து, எட்டு மணிக்கெல்லாம் கோயிலில் இருப்பேன். டார்ச்சும் கேமராவும் கொண்டுவருகிறேன். கொட்டகைச் சாவியைப் பூசாரி தாத்தாவிடம் கொடுத்து வையுங்கள், முடிந்தால் நீங்களும் நாட்டாண்மையும் வாருங்கள். கதவைச் சாத்தி வெளிச்சத்தை மறைத்துவிட்டு, அந்தப் பழைய கண் கோட்டை உங்களுக்குக் காட்டுகிறேன்.

உங்கள் ஊர்ப் பெண்